‘ஹாஃப்-பிளட் பிரின்ஸ்’: ஆறாவது ஹாரி பாட்டர் படத்தை மறுபடி பார்ப்பது எப்படி?

ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது படத்துக்கு இரண்டு கெட்ட பெயர்கள் உண்டு. ‘ஒரே இருட்டு, எதுவுமே தெரியலை’ என்பது ஒன்று. ‘பாதிப் படம் காதலிலேயே போயிடுச்சு, கதையே நகரலை’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இந்தப் படத்தின் முக்கியமான கதை ஹாரியிடம் நடப்பதில்லை. ஃபிரேமின் ஓரத்தில், மங்கிய வெளிச்சத்தில், கறுப்பு சூட் போட்டுக்கொண்டு தனியாக அலையும் டிராக்கோ மால்ஃபாயிடம் நடக்கிறது. அந்த ஓரம் உங்கள் டிவியில் தெரியவில்லை என்றால் மிஞ்சுவது ரானும் லாவெண்டரும் மட்டுமே. அப்புறம் படம் நகரவில்லை என்று தோன்றாமல் என்ன செய்யும்?

எனவே முதலில் டிவியைச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் யாரைப் பின்தொடர்வது என்று முடிவு செய்ய வேண்டும். முழு வரிசையையும் ஒருமுறை பார்த்தவர்களுக்கான வழிகாட்டி இது. எட்டாவது படத்தின் முடிவு வரை எல்லாமே இங்கே வெளிப்படையாகப் பேசப்படும்.

இருட்டு வேண்டுமென்றே வைத்தது

2009 ஜூலையில் வெளியான படம், 153 நிமிடம். இயக்கம் டேவிட் யேட்ஸ், திரைக்கதை ஸ்டீவ் க்ளோவ்ஸ். ஒளிப்பதிவுக்கு இந்த ஒரு படத்துக்கு மட்டும் வந்தவர் புரூனோ டெல்பொனெல். பாரிஸை மஞ்சளும் பச்சையுமாகக் காட்டிய ‘அமெலி’யின் ஒளிப்பதிவாளர். இங்கே அவர் நேர் எதிராகப் போனார். நிறத்தைப் பிழிந்து எடுத்துவிட்டு, சாம்பலும் பாசிப்பச்சையும் பழுப்பும் மட்டும் மிஞ்சும்படி செய்தார். எட்டு ஹாரி பாட்டர் படங்களில் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது இது ஒன்றுதான்.

டிவிக்கு இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், படத்தின் பெரும்பகுதி கறுப்புக்கும் அடர்சாம்பலுக்கும் இடையிலுள்ள குறுகிய வரம்புக்குள் நடக்கிறது. சாதாரணப் படத்தில் டிவி அந்த வரம்பைக் கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அது தவறினால் ஒரு காட்சியே காணாமல் போய்விடும்.

டிவியை அமைத்தல்

அறையிலிருந்து தொடங்குங்கள். டியூப்லைட்டை அணையுங்கள். டிவிக்கு எதிரே ஜன்னல் இருந்தால் இந்தப் படத்தைப் பகலில் போடவே வேண்டாம். முழு இருட்டு கண்ணை உறுத்தினால் டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, 6500 கெல்வின் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை மங்கலாக வைக்கலாம். மஞ்சள் பல்பு வேண்டாம். சுற்றிலும் மஞ்சள் ஒளி இருந்தால் கண் அதற்குப் பழகிக்கொண்டு, ஏற்கெனவே பச்சையடிக்கும் படத்தை இன்னும் குளிர்ந்த நிறத்தில் காட்டும்.

பிறகு பிக்சர் மோட். ‘ஃபிலிம்மேக்கர்’ இருந்தால் அதுதான். இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. கடையில் பளபளப்பதற்காக வைத்திருக்கும் ‘விவிட்’, ‘டைனமிக்’ இரண்டும் அடர்சாம்பலைக் கறுப்புக்குள் தள்ளிவிடும். வெளிறியிருக்க வேண்டிய முகங்களுக்கு ஆரஞ்சு பூசிவிடும். கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’. ஷார்ப்னெஸ் பூஜ்யம் அல்லது அதற்கு அருகில்.

அடுத்து, அணைக்க வேண்டியவை. மின்சேமிப்பு வசதியும் அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைத் தானே மங்கலாக்கும் சென்சாரும் முதல் குற்றவாளிகள். விளக்கை அணைத்த மறுநொடி அவை திரையையும் சேர்த்து அணைக்கப் பார்க்கும். டைனமிக் கான்ட்ராஸ்ட் காட்சிக்குக் காட்சி கறுப்பின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். டிராக்கோ நடந்துவரும் தாழ்வாரம் திடீரென்று மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். மோஷன் ஸ்மூத்திங் படத்தை சீரியலாக்கிவிடும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். மெனுவில் ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையும் சந்தேகியுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். இது 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம். அந்த மெல்லிய மணல் போன்ற இரைச்சல் படத்தின் பகுதிதான். அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும்.

இனி எல்லோரும் தவறு செய்யும் இடம். படம் இருட்டாக இருக்கிறது என்று ‘பிரைட்னஸ்’ஸை ஏற்றுவார்கள். பல டிவிகளில் அந்தப் பெயரில் இருப்பது கறுப்பின் மட்டம். அதை ஏற்றினால் வெளிச்சம் கூடாது. கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகிவிடும். ஏற்ற வேண்டியது ‘பேக்லைட்’ அல்லது ‘ஓஎல்இடி லைட்’. குழப்பத்தைக் கூட்டும் விஷயம், சோனி டிவிகளிலும் புதிய சாம்சங் மாடல்களிலும் ‘பிரைட்னஸ்’ என்பதே பேக்லைட்டைத்தான் குறிக்கிறது. சோனியில் கறுப்பு மட்டம் ‘பிளாக் லெவல்’ என்று தனியாக இருக்கும். எது எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: படத்தை நிறுத்திவைத்து ஏற்றிப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை மட்டும் எடுப்பாக வெளுத்தால் அது கறுப்பு மட்டம். வெளிச்சமான பகுதிகளும் சேர்ந்து உயர்ந்தால் பேக்லைட். இரண்டையும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, பேக்லைட்டை மட்டும் தேவைக்கு ஏற்றுங்கள். அதற்கு மேலும் நிழல்கள் அடைத்துக்கொண்டிருந்தால் காமாவை (நிழல்கள் எவ்வளவு அடர்த்தியாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) 2.4-லிருந்து 2.2-க்கு மாற்றுங்கள். விளக்கு முழுதாக அணைக்க முடியாத அறைகளுக்கு 2.2 தான் பொருத்தம்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். லேப்டாப் கறுப்பு-வெள்ளை வரம்பை ‘ஃபுல்’ அளவில் அனுப்பி டிவி ‘லிமிடெட்’ என்று எடுத்துக்கொண்டால் நிழல் எல்லாம் கருகி ஒட்டிக்கொள்ளும். தலைகீழாக இருந்தால் படம் சாம்பல் பூத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கப் படமே சோதனை அட்டை தருகிறது. ஸ்னேப்பின் அங்கியை எடுத்துக்கொள்ளுங்கள்: கறுப்புத் துணி மேல் கறுப்புப் பொத்தான்கள். டிராக்கோவின் அம்மா நார்சிஸாவும் பெல்லாட்ரிக்ஸும் ஸ்னேப்பின் வீட்டுக்கு வரும் மழைக்காட்சியில் நிறுத்தி, அந்தப் பொத்தான்கள் தனித்தனியாகத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் கறுப்பு மட்டம் இறங்கிக் கிடக்கிறது. அங்கி மொத்தமும் சாம்பலாகத் தெரிந்தால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள். அடுத்து வீஸ்லி இரட்டையர்களின் கடை. படத்திலேயே ஆரஞ்சு கொட்டிக்கிடக்கும் இடம் அது. அங்கே கடை பளீரென்று இருக்க வேண்டும், ஆனால் மனிதத் தோல் செங்கல் நிறமாகக் கூடாது. இந்த இரண்டு காட்சிகளும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானே சரியாக இருக்கும்.

எச்டிஆர், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வெளிச்சத்தை அகலமாகக் காட்டும் முறை, பற்றி ஒரு எச்சரிக்கை. 4கே டிஸ்க் எச்டிஆரில்தான் வருகிறது, நல்ல டிவியில் அதற்கு இணை கிடையாது. ஆனால் எச்டிஆரில் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 300, 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவை) மட்டுமே தரும் மலிவான 4கே டிவி தன் பேக்லைட்டை முழுக்க ஏற்றிவைத்தும் திணறும். நீங்கள் கூட்டுவதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. அத்தகைய டிவியில் சாதாரண ப்ளூ-ரே அல்லது எச்டி பதிப்பு எச்டிஆரைவிடத் தெளிவாகத் தெரியும். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால், இருட்டும் பனிமூட்டமும்தான் சுருக்கத்தின் முதல் பலி. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டை தெரிவதும், நிழலில் சதுரக் கட்டங்கள் நகர்வதும் டேட்டா போதாததன் அடையாளம். செயலியில் டேட்டா சேவரை அணையுங்கள். 4கே-க்கு நிலையாக 15 முதல் 25 எம்பிபிஎஸ் கிடைக்கிறதா பாருங்கள். வைஃபை தள்ளாடினால் லேன் கேபிளைச் சொருகுங்கள். முதல் ஒரு நிமிடம் தரம் குறைவாகத் தொடங்கிப் பிறகு ஏறுவது வழக்கம். ஆனால் இந்தப் படத்தின் முதல் ஒரு நிமிடம் முக்கியமானது. ஓடவிட்டு, தரம் ஏறியதும் ஆரம்பத்துக்குத் திரும்புங்கள்.

கறுப்புப் பட்டைகளை நிரப்பலாம் என்று ‘ஜூம்’ அழுத்தாதீர்கள். படத்தின் அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு. அதனால் டிவித் திரையில் நான்கில் ஒரு பங்கு பட்டைக்கே போய்விடும். ஜூம் செய்தால் அதே நான்கில் ஒரு பங்கு இடமும் வலமும் வெட்டுப்படும். டிராக்கோ நிற்பதே அங்கேதான். உயரம் குறைவதை ஈடுகட்ட நாற்காலியை முன்னால் இழுங்கள்: 55 அங்குலத்துக்கு 1.7 முதல் 2.3 மீட்டர், 43 அங்குலத்துக்கு 1.3 முதல் 1.8 மீட்டர். ஐபிஎஸ் வகைத் திரை என்றால் நேர் எதிரே உட்காருங்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் இருட்டான மூலைகள் வெளுத்து மின்னும்.

ஒலி

5.1 ஒலியை டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைக்கும்போது பேச்சு அமுங்கி இசை மேலேறும். இந்தப் படத்தில் முக்கியமான வசனங்கள் எல்லாம் முணுமுணுப்பு. ஸ்னேப்பாக வரும் ரிக்மன் குரலை உயர்த்துவதே அபூர்வம். சவுண்ட்பாரோ ரிசீவரோ இருந்தால் சென்டர் சேனலை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். டிவி மட்டும்தான் என்றால் ‘நைட் மோட்’ அல்லது ‘டயலாக் என்ஹான்ஸ்’. ஒலித்தடம் மூல ஆங்கிலமாகவே இருக்கட்டும், வேண்டுமென்றால் சப்டைட்டிலோடு. ஆலன் ரிக்மன், ஸ்லக்ஹார்னாக வரும் ஜிம் பிராட்பென்ட், டம்பிள்டோராக வரும் மைக்கேல் கேம்பன் மூவரும் இந்தப் படத்தைக் குரலால் சுமக்கிறார்கள். டப்பிங்கில் கதை வந்துவிடும், அந்தத் தயக்கங்கள் வராது.

போடுவதற்கு முன் எதை நினைவூட்டிக்கொள்வது

முந்தைய ஐந்தையும் முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தாவதின் கடைசி அரை மணி நேரம் போதும்: அமைச்சகத்தில் நடக்கும் சண்டை, சிரியஸின் மரணம். ஆறாவது படம் தொடங்குவதே அந்தச் சண்டை முடிந்த நிமிடத்தில்தான். பத்திரிகைக் கேமராக்களின் வெளிச்சம் மின்ன மின்ன, டம்பிள்டோர் ஹாரியைத் தோளோடு அணைத்து அழைத்துப் போகிறார். முந்தைய படம் நினைவில் இல்லாதவர்களுக்கு இது என்ன, எங்கே என்றே புரியாது. இரண்டாவது படத்திலிருந்து டாம் ரிடிலின் டைரியை ஹாரி அழிக்கும் காட்சியையும் பார்த்துவிடுங்கள். இங்கே டம்பிள்டோரின் மேசையில் அந்த டைரி மறுபடி வரும்.

டிராக்கோவைப் பின்தொடருங்கள்

டம்பிள்டோரைக் கொல்லும் வேலையை வோல்டெமார்ட் இவன் தலையில் கட்டியிருக்கிறான். முழுப் படத்தையும் ஒருமுறை இவனுக்காகவே பாருங்கள். ஹாரி பேசும்போதும் பின்னணியில் டிராக்கோ இருக்கிறானா என்று தேடுங்கள். மற்ற மாணவர்கள் சீருடையில் இருக்க, இவன் பெரும்பாலும் கறுப்பு சூட்டில் திரிகிறான். வயசுக்கு மீறிய உடை. துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி.

ஆரஞ்சுக் கடைக் காட்சிக்குப் பிறகு முதலில் அவனைக் காண்கிறோம். போர்ஜின் அண்ட் பர்க்ஸ் கடையில் அவன் உயரமான கறுப்பு அலமாரி ஒன்றின் முன் நிற்கிறான். பிறகு ஹாக்வார்ட்ஸின் ரகசிய அறையில் துணி போர்த்திய இன்னொரு அலமாரி. இவை ஒரு ஜோடி, ஒன்றில் வைத்தது மற்றொன்றில் வெளிவரும் என்பதைப் படம் அழுத்திச் சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் ரானின் அப்பா மறைவு அலமாரி பற்றிப் போகிறபோக்கில் சொல்வதோடு சரி. முதல் முறை பார்த்தவர்கள் பலர் கடைசியில் வோல்டெமார்ட்டின் ஆட்களான டெத் ஈட்டர்கள் பள்ளிக்குள் எப்படி வந்தார்கள் என்று விழித்ததற்குக் காரணம் இதுதான்.

தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அறைக் காட்சிகள் ஒரு தொழிலாளியின் சோதனைகள். முதலில் ஆப்பிள். மறைகிறது, திரும்பி வரும்போது ஒரு கடி கடிக்கப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் மறுமுனையில் ஆள் இருக்கிறார், பொருள்கள் போய்வருகின்றன. அடுத்து உயிருள்ள வெள்ளைப் பறவை. திரும்பி வரும்போது செத்துக் கிடக்கிறது. உயிர் கடக்க வழி இன்னும் சரியாகவில்லை. அவன் அழுகிறான். பறவைக்காகவா, தன் கெடு நெருங்குவதற்காகவா என்பதைப் படம் உங்களிடமே விட்டுவிடுகிறது. வசனமே இல்லாமல் ஒரு துணைக்கதை முழுவதும் இப்படி நகர்கிறது. இங்கே ஃபோனை எடுத்தீர்கள் என்றால் போயிற்று.

ரயிலில் அவன் சொல்வதையும் கேளுங்கள். இன்னும் இரண்டு வருஷம் இந்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்றால் வானியல் கோபுரத்திலிருந்து குதித்துவிடுவேன் என்கிறான். அதே கோபுரம்தான் கடைசியில் வரப்போகிறது. ஆனால் விழப்போவது அவன் இல்லை.

காதல் காட்சிகளைத் தாவிச் செல்லும் ஆசை வரும். ஒரு காரணத்துக்காகத் தாவாதீர்கள்: படம் டிராக்கோவைப் பெரும்பாலும் அவற்றின் ஒட்டிலேயே வைக்கிறது. ரானும் லாவெண்டரும் முத்தமிட்டுக்கொண்டிருக்க, கேமரா அவர்களை விட்டுக் கோட்டைக்கு வெளியே நகர்ந்து, தனியே நிற்கும் டிராக்கோவிடம் போய்ச் சேர்கிறது. அவனுக்கும் அதே பதினாறு வயசுதான் என்பதைச் சொல்ல வேறு வசனம் தேவைப்படவில்லை. லாவெண்டர் பகுதி நீளம் அதிகம் என்பது உண்மைதான். ஜெஸ்ஸி கேவ் நன்றாகவே செய்திருக்கிறார். வெட்டும் கத்திரிதான் தயங்கியிருக்கிறது.

குளியலறைக் காட்சிக்கு முன் நடப்பதைத் தவறவிட வேண்டாம். சபிக்கப்பட்ட நெக்லஸால் அடிபட்ட கேட்டி பெல் குணமாகிப் பெரிய மண்டபத்துக்குத் திரும்பியிருக்கிறாள். டிராக்கோ உள்ளே வருகிறான், அவளைப் பார்க்கிறான், திரும்பி நடக்கிறான். கழுத்தை இறுக்கும் உடையைப் பிய்த்துக்கொண்டு ஓடிப்போய் வாஷ்பேசினைப் பிடித்து அழுகிறான். ஹாரி பின்னாலேயே போய், என்ன செய்யும் என்றே தெரியாத ஒரு மந்திரத்தை அவன்மேல் ஏவுகிறான். முதல் முறை பார்த்தபோது நாம் ஹாரியின் பக்கம் இருந்தோம். இம்முறை அங்கே நிற்பது கஷ்டம்.

கோபுரத்தில் ஒரு சின்ன அசைவுக்கு மட்டும் ரிமோட்டைப் பயன்படுத்துங்கள். டிராக்கோ டம்பிள்டோரின் மந்திரக்கோலைத் தட்டிவிடுகிறான். கொல்லவில்லை, ஆயுதத்தை மட்டும் பறிக்கிறான். 2011-ல் வந்த கடைசிப் படத்தில் எல்டர் கோல் யாருக்குக் கட்டுப்படும் என்ற கேள்வி முழுக்க இந்த ஒரு நொடியில்தான் நிற்கிறது. ஹாரி கடைசியில் வெல்வதற்கான காரணம் இங்கே, யாரும் கவனிக்காதபோது, விழுந்து கிடக்கிறது.

ஸ்னேப்: நான்கு காட்சிகள்

இவருக்காக முழுப் படத்தையும் மறுபடி ஓட்ட வேண்டாம். சீன் செலக்‌ஷனில் நான்கு இடங்கள் போதும்.

முதலாவது மீறமுடியாத சத்தியம். நார்சிஸா மூன்றாவதாகக் கேட்பது, டிராக்கோவால் அந்த வேலையை முடிக்க முடியாவிட்டால் நீ செய்வாயா என்பது. பதிலுக்கு முன் ரிக்மன் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் முகத்தைப் பாருங்கள். ஸ்னேப்பின் மனதில் உள்ள ரகசியத்தின் ஒரு பகுதியை ரௌலிங் அவருக்கு ஆரம்ப காலத்திலேயே சொல்லிவைத்திருந்தார். அந்த இடைவெளியை அவர் அதை வைத்துத்தான் நிரப்பினாரா தெரியாது. நிரப்பியது போலத்தான் இருக்கிறது. இரண்டாவது, குகைக்குக் கிளம்புவதற்கு முன் டம்பிள்டோரிடம் அவர் வாதாடுவது. நீங்கள் என்னிடம் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள், எனக்கு இதைச் செய்ய விருப்பமில்லாமல் போகலாம் என்று நினைத்ததுண்டா என்கிறார். ஹாரி பாதி காதில் வாங்குகிறான். நாமும் முதல் முறை அப்படித்தான். மூன்றாவது, குளியலறையில் ரத்தத்துக்கு நடுவே மண்டியிட்டு மெதுவாக ஓதி டிராக்கோவின் காயங்களை மூடுவது. நான்காவது, கோபுரத்தில் மேலே ஏறும் முன், கீழ்த்தளத்தில் மறைந்திருக்கும் ஹாரியைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பது.

நான்கையும் பார்த்து முடித்த கையோடு எட்டாவது படத்தில் ஸ்னேப்பின் நினைவுகள் வரும் பகுதியைப் போடுங்கள். ஆர்டர் முக்கியம். நினைவுகளை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஒவ்வொரு முகபாவத்துக்கும் நீங்களே பதில் எழுதிவிடுவீர்கள்.

ஸ்லக்ஹார்ன்

லேகாக் கிராமத்தில் எடுத்த முதல் காட்சியில், கைவைத்த நாற்காலியாக மாறி உட்கார்ந்திருக்கும் ஆள். சிரிப்பு நடிகராகத்தான் பிராட்பென்ட் அறிமுகமாகிறார். பிறகு ஹாக்வார்ட்ஸில் அவருடைய அறையில் உள்ள மணல் கடிகாரத்தைக் கவனியுங்கள். பேச்சு சுவாரஸ்யமாக இருந்தால் அதில் மணல் மெதுவாக இறங்கும். பதினாறு வயது டாம் ரிடில் பேசும்போது அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அவருடைய நினைவு இரண்டு தடவை வருகிறது, ஒன்று திருத்தியது, மற்றது உண்மையானது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். திருத்தியதில் முக்கியமான இடத்தில் புகை மூடிக்கொள்ளும். உண்மையானதில் ரிடில் எண் ஏழைப் பற்றிக் கேட்கும்போது ஸ்லக்ஹார்னின் முகத்தில் வருவது குற்ற உணர்ச்சி இல்லை, பயம். குற்ற உணர்ச்சி பிறகு, ஹேக்ரிட்டின் குடிசையில் வருகிறது. செத்த சிலந்திக்கு இரங்கல், போதைப் பாட்டு, ஹாரியின் அசட்டுச் சிரிப்பு என்று நகைச்சுவையாகப் போய்க்கொண்டிருந்த காட்சி, லில்லி தந்த மீன்குஞ்சு பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் திசை மாறுகிறது. கிண்ணம் காலியாக இருந்த காலைதான் லில்லி இறந்த நாள். அந்த மீன் புத்தகத்தில் கிடையாது, படத்துக்காக எழுதியது. புத்தகத்தை மிஞ்சிய இடம் என்று இந்தப் படத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்.

புத்தகம் படித்தவர்களுக்கு

கோபம் நியாயமானதே, ஆனால் எங்கே கோபப்படுவது என்று தெரிந்துகொள்வது நல்லது. வோல்டெமார்ட்டின் கடந்த காலத்தைச் சொல்லும் நினைவுகள் புத்தகத்தில் 10, 13, 17, 20, 23 ஆகிய அத்தியாயங்களில் பரவிக் கிடக்கின்றன. படத்தில் அநாதை விடுதியும் ஸ்லக்ஹார்னின் நினைவும் மட்டும் தப்பின. வோல்டெமார்ட்டின் அம்மாவுடைய கான்ட் குடும்பமும், கோப்பையும் லாக்கெட்டும் கைமாறும் கதையும் போய்விட்டன. இதன் விலையை ஏழாவதும் எட்டாவதும் கொடுத்தன: மிச்ச ஹார்க்ரக்ஸ்கள் (வோல்டெமார்ட் தன் ஆன்மாவின் துண்டுகளை ஒளித்துவைத்த பொருள்கள்) என்னவென்று ஹாரிக்குத் தெரிய வழியில்லாததால், அவன் அவற்றை ‘உணர்வதாக’ வைக்க வேண்டியதாயிற்று. அதற்கான விதையை இங்கேயே போட்டிருக்கிறார்கள். டம்பிள்டோரின் மேசையில் உள்ள மோதிரத்தைத் தொட்டதும் ஹாரி திடுக்கிடுவதையும், கறுப்பு மந்திரம் தடயம் விட்டுச் செல்லும் என்று டம்பிள்டோர் சொல்வதையும் கவனியுங்கள். பார்ப்பதற்கு முந்தைய நாள் 10-ஐயும் 20-ஐயும் மட்டும் படித்தால் போதும், ஓட்டை அடைபடும்.

வீஸ்லி வீடு எரிவது புத்தகத்தில் இல்லை; கதைக்கும் தேவையில்லை. அடுத்த படத்தில் அதே வீட்டில் ஒன்றும் நடக்காததுபோலக் கல்யாணம் நடக்கும். ஆனால் படத்தின் ஏறத்தாழ நடுவில் வருவதால் இடைவேளை விட உகந்த இடம் அது. காபி போட எழுந்திருக்க வேண்டுமென்றால் அங்கே எழுந்திருங்கள். மில்லினியம் பாலம் இடிவதும் படத்தின் சேர்க்கைதான். கதை நடப்பது 1996-97-ல், அந்தப் பாலம் திறந்ததோ 2000-ல்.

கோபுரத்தில் புத்தகத்தின் ஹாரி அசையமுடியாமல் கட்டுண்டிருப்பான். படத்தில் கைகால் விடுதலையாக இருந்தும் கீழே நிற்கிறான். ‘ஏன் ஓடிப்போய்த் தடுக்கவில்லை?’ என்பது பலருடைய கேள்வி. பதில் சற்று முன்பே வந்துவிட்டது: குகைக்குப் போகும் முன் டம்பிள்டோர், ஒளி என்றால் ஒளிய வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்குகிறார். அந்த வாக்கைக் கேட்காமல் விட்டால் முடிவு சொதப்பலாகத் தெரியும். கேட்டுவிட்டால் கட்டுண்டதைவிடக் கொடுமையாகத் தெரியும். கோட்டைக்குள் நடக்கும் சண்டையை வெட்டியதற்குப் படக்குழு சொன்ன காரணம், கடைசிப் படத்தின் போரோடு அது இரட்டிப்பாகிவிடும் என்பது. ஒத்துக்கொள்ளலாம். இறுதிச்சடங்கை வெட்டியதற்கு ஈடாக வைத்த காட்சி, எல்லோரும் மந்திரக்கோல் நுனி வெளிச்சத்தை உயர்த்தி வானத்தில் நிற்கும் வோல்டெமார்ட்டின் அடையாளத்தைக் கரைப்பது. அதை அந்தச் சடங்கைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

குகையிலிருந்து முடிவு வரை

குகைக்குக் கிளம்பியதிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் பாருங்கள். வெளிப்பாறையை அயர்லாந்தின் மோஹர் குன்றுகளருகே எடுத்தார்கள். உள்ளே கிட்டத்தட்ட நிறமே இல்லை. டம்பிள்டோர் நெருப்பை எழுப்பும்போதுதான் திரையில் நிறம் வெடிக்கிறது. அதுவரை கண் இருட்டுக்குப் பழகியிருந்தால்தான் அந்த அடி விழும். நடுவில் ஃபோன் வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு விழாது.

சில ஓஎல்இடி டிவிகள் இருண்ட காட்சி நீண்டால் படம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் தாமே மங்கும். குகை அதற்குச் சரியான பொறி. படம் மங்குவதுபோலத் தோன்றினால் ரிமோட்டில் மெனுவை ஒருமுறை திறந்து மூடுங்கள், வெளிச்சம் திரும்பிவிடும்.

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால்: அமெரிக்காவில் பிஜி, பிரிட்டனில் 12ஏ சான்றிதழ் பெற்ற படம்தான். ஆனாலும் பனியில் கேட்டி பெல் காற்றில் தொங்கும் காட்சி, குளியலறை ரத்தம், தண்ணீருக்குள்ளிருந்து பிணங்கள் கைநீட்டும் குகை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். திடீரென்று வருவதுதான் பயம்.

டிஸ்க் வைத்திருப்பவர்கள் நீக்கப்பட்ட காட்சிகளையும் திறந்து பாருங்கள். கோபுரத்துக்கு முந்தைய மாலையில் பள்ளிப் பாடகர் குழு பாடும் ‘இன் நாக்டெம்’ பாட்டு அங்கே இருக்கிறது. நிக்கோலஸ் ஹூப்பர் இசையமைத்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று படம் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறது. ஏன் நீக்கினார்களோ தெரியாது. படத்தில் அது வந்திருக்க வேண்டிய இடம் ஹாரியும் டம்பிள்டோரும் குகைக்குக் கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான். அடுத்த முறை பார்க்கும்போது அங்கே நிறுத்தி இதைப் போட்டுவிட்டு, பிறகு படத்தைத் தொடருங்கள்.